குடைக்காரம்மா குடித்த சர்க்கரைத் தண்ணீர்

மார்ச் 12, காலை 7.00 — 118
மார்ச் 12, மாலை 6.40 — 431
ஏப்ரல் 3, காலை 7.00 — 126
ஏப்ரல் 3, மாலை 6.35 — 402
மே 21, காலை 7.00 — 121
மே 21, மாலை 6.50 — 486
ஜூலை 5, காலை 7.00 — 131
ஜூலை 5, காலை 9.50 — 34
ஜூலை 5, காலை 10.20 — 97

இவை ஒரு பெண்ணின் இரத்தத்தில் இருந்த சர்க்கரையின் அளவுகள். பச்சை அட்டை போட்ட நீள நோட்டில் கோடு கிழித்து இவற்றை எழுதி வைத்தவர் அவளுடைய கணவர். குடிநீர் வாரியத்தில் முப்பத்தொரு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி மீட்டர் பார்த்தவர். ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஏழு மணிக்கு மனைவியின் விரலில் குத்தி, வந்த எண்ணை எழுதிவிட்டு, "ஊர் மீட்டரெல்லாம் பாத்தாச்சு. இனிமே பொண்டாட்டி மீட்டர்" என்றார்.

"பாருங்க, பாருங்க. இணைப்பை மட்டும் துண்டிச்சிடாதீங்க" என்றாள் அவள்.

அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. நகரப் பேருந்து நிலையத்தின் கீழ்த்தளத்தில், தொலைந்த பொருள் அறையில் வேலை. பேருந்தில் யார் எதை விட்டுவிட்டு இறங்கினாலும் நடத்துநர்கள் அதை அவளுடைய மேசையில் கொண்டுவந்து போடுவார்கள். அவள் ஒரு அட்டைச் சீட்டு எழுதி நூலால் கட்டுவாள்: பெறப்பட்ட நாள், தடம் எண், பொருள், அடையாளம். மழைக்காலத்தில் ஒரு நாளைக்கு நாற்பது குடை வரும். நாற்பதும் கறுப்பு. ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்து, 'மூன்றாவது கம்பி நூலால் கட்டியது', 'கைப்பிடியில் பல் பட்ட தடம்' என்று எழுதுவாள். தொலைத்தவர் வந்து "கறுப்புக் குடைங்க" என்று இழுத்தால் நாலு கேள்வி கேட்டு, குவியலுக்குள் கையை விட்டு, அவருடைய குடையையே உருவி நீட்டுவாள். ஓட்டுநர்கள் வைத்த பெயர் குடைக்காரம்மா. இருபத்தாறு வருடத்தில் ஒரு குடையைக்கூட அவள் ஆள் மாற்றிக் கொடுத்ததில்லை.

பக்கத்து மேசையில் மாதப் பயணச்சீட்டு எழுதிக் கொடுப்பவர் ஓயாமல் பேசுகிறவர். அதனால் அவர் ரேடியோ. ஒருநாள் காகிதத்தில் சுற்றிய பல்செட் ஒன்று வந்தது.

"அக்கா, பல்லைக் கழட்டி வெச்சுட்டு இறங்கிப் போனவன் எவன்க்கா?"

"நடத்துநர்கிட்ட சண்டைக்குப் போயிருப்பான். பிடுங்கி வெச்சுட்டாரு."

"சரி, கேக்க வந்தா எப்படி அடையாளம் சொல்லுவான்? பேச்சே குழறுமே."

"சிரிக்கச் சொல்லுவேன்."

இன்னொரு நாள் சாம்பல் நிற ஊன்றுகோல் ஒன்று வந்தது. "கோலை விட்டுட்டு நடந்தே போயிருக்கான்னா, நம்ம பஸ்ல ஏறினா நோய் தீரும்னு போர்டு மாட்டலாம்க்கா" என்றார் ரேடியோ. அவளும் சிரித்தாள். தொண்ணூறு நாள் யாரும் கேட்டு வராத பொருளை ஊழியர்கள் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. தொண்ணூற்றோராவது நாள் அவள் அந்தக் கோலை எடுத்துக்கொண்டாள். "வீட்டுக்காரருக்கு" என்றாள்.

கோல் வீட்டுக்காரருக்கு இல்லை.

சர்க்கரை அவளுக்கு முப்பத்தாறாம் வயதில் வந்தது. அதை அவள் மறைக்கவில்லை. அந்தக் கீழ்த்தளத்தில் பாதிப் பேருக்கு அது இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு மூன்று பேராவது ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு ஒதுக்குப்புறம் தேடுவார்கள். சர்க்கரை என்றால் அங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

நாற்பத்துநாலாம் வயதில் இடது பாதம் மரத்தது. மரப்பு மெல்ல இடுப்பு வரை ஏறியது. சர்க்கரைதான் என்றார் டாக்டர். கைவிரல்கள் மரத்தன; சர்க்கரை. இடது கண்ணில் புகை படிந்தது, அதுவும் சர்க்கரை. ஒன்றரை வருடம் எல்லாப் பழியும் சர்க்கரையின் தலையிலேயே விழுந்தது. கடைசியில் ஒரு கண் டாக்டர்தான், "இது சக்கரையால வந்தது மாதிரி இல்லம்மா. தலையை ஸ்கேன் எடுங்க" என்று அனுப்பி வைத்தார். ஸ்கேனில் மூளைக்குள் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன.

"ஒயருக்கு மேல ரப்பர் இருக்கில்ல, அது மாதிரி நரம்புக்கு மேல ஒரு உறை இருக்கும்மா" என்றார் நரம்பு டாக்டர். "உங்க உடம்பே அதைப் பகைன்னு நினைச்சு அரிக்குது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்னு பேரு."

"எப்ப போகும் டாக்டர்?"

"போகாது. வரும், அடங்கும், மறுபடி வரும்."

"அப்ப விருந்தாளி இல்ல. குடித்தனக்காரின்னு சொல்லுங்க" என்றாள் அவள். டாக்டர் சிரித்தார். அவளுடைய கணவர் சிரிக்கவில்லை. அந்தப் பெயரை ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பெயர் இருவர் வாயிலும் நுழையவில்லை. அதனால் வீட்டில் சர்க்கரைக்கு மூத்தவள் என்றும் புதிதாக வந்ததற்கு இளையவள் என்றும் பெயராயிற்று. இரண்டும் சக்களத்திகளைப் போலவே நடந்துகொண்டன. இளையவள் தலைதூக்கும்போது ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்து மருந்து ஏற்ற வேண்டும். அந்த மருந்து உள்ளே போனால் மூத்தவள் நானூறுக்கு எகிறுவாள். தினமும் நடந்தால் மூத்தவளுக்கு நல்லது. நடந்து உடம்பு சூடானால் இளையவளுக்கு ஆகாது. சூடு ஏறினால் கண் மங்கும், நாக்கு தடிக்கும், கால் நனைந்த சாக்காகிவிடும். குளிர்ந்தால் கொஞ்ச நேரத்தில் சரியாகும்.

"நான் கட்டிக்கிட்டது ஒருத்தியை. வீட்ல இருக்கிறது மூணு பேர்" என்பார் கணவர்.

"சாப்பாடு ஒருத்திக்குத்தானே போடறீங்க. லாபம்தான்."

மூத்தவளை ஊருக்கே தெரியும். இளையவளை அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் அவள் பார்த்துக்கொண்டாள். அதற்குக் காரணம் இருந்தது. முன்பு கணக்குப் பிரிவில் கை நடுங்கிய ஒருவர் இருந்தார். மருத்துவக் குழுவுக்கு அனுப்பினார்கள்; குழு அவரை வீட்டுக்கு அனுப்பியது. ஆறு மாதம் கழித்து அவர் பேருந்து நிலையத்துக்கு வந்து, எந்தப் பேருந்திலும் ஏறாமல், மதியம் வரை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போனதை அவள் பார்த்தாள். அடுத்த வாரமும் பார்த்தாள்.

"அங்க போனா நான் குடைக்காரம்மா. இங்க இருந்தா வெறும் நோயாளி" என்று அன்று கணவரிடம் சொன்னாள். "அம்பத்தெட்டு முடியற வரைக்கும் அந்த நாற்காலியை விடமாட்டேன். நீங்களும் யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாது."

வருடாவருடம் ஜூலையில் ஒரு உடல்நலப் படிவம் வரும். 'நோய் ஏதும் உண்டா? இருப்பின் குறிப்பிடுக' என்று ஒரே ஒரு வரி. அவள் 'சர்க்கரை' என்று எழுதுவாள். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்தாலும், "சக்கரை ஏறிப்போச்சு தம்பி" என்பாள். ஏறியதும் உண்மைதானே.

இப்படி ஆறு வருடம் ஓடியது. இந்த வருடம் மார்ச்சில், கீழ்த்தளத்தின் சூட்டை வெளியே இழுக்கும் பெரிய விசிறி பழுதானது. ஜன்னல் இல்லாத அறை. பழுது பார்க்கச் சொல்லி அவள் இரண்டு முறை எழுதிக் கொடுத்தாள். ஆள் வரவில்லை, இளையவள் வந்தாள்.

மார்ச் 12, ஏப்ரல் 3, மே 21 மூன்று நாளும் நடந்தது ஒன்றேதான். மூன்றாவதைச் சொன்னால் போதும். மதியம் இரண்டரை மணி. கல்லூரிப் பெண் ஒருத்தி பையைத் தேடி வந்து நின்றாள். 'என்ன நிறம்' என்று கேட்க வாயெடுத்தாள் குடைக்காரம்மா. நாக்கு உருண்டது. எதிரே நின்ற முகம் பாலாடை போட்டதுபோல மங்கியது. எழுந்திருக்கப் பார்த்தாள், இடது கால் வரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்தபடியே நாற்காலியில் சரிந்தாள்.

"அக்காவுக்கு சக்கரை இறங்கிடுச்சு!" ரேடியோவின் குரல் கீழ்த்தளம் முழுக்கக் கேட்டது. "படிக்கட்டுப் பக்கம் தூக்குங்கப்பா, காத்து வரட்டும். சக்கரை எங்க? அந்த டம்ளரை எடு!"

நாலு பேர் நாற்காலியோடு தூக்கிப் படிக்கட்டின் அடியில் வைத்தார்கள். ஒருவர் டம்ளரில் நாலு கரண்டி சர்க்கரையைப் போட்டுக் கலக்கினார். ஒரு நடத்துநர் மிட்டாயைப் பிரித்தார்.

அவளுக்குத் தெரியும். சர்க்கரை இறங்கினால் கை உதறும், வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும். இது அது இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், சக்கரை இல்லை என்று. அடுத்த கேள்வி, பின்னே என்ன என்பதாக இருக்கும். அங்கே நாலு பேர் நின்றார்கள். மேலதிகாரியும் கதவோரம் வந்து எட்டிப் பார்த்தார்.

அவள் வாயைத் திறந்தாள்.

"குடிங்கக்கா. அப்படித்தான். இன்னும் ஒரு வாய்" என்று ரேடியோ அவள் பின்தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஊட்டினார். அடியில் கரையாமல் நின்ற சர்க்கரையைக்கூட விடவில்லை.

படிக்கட்டில் மேலிருந்து காற்று இறங்கியது. இருபது நிமிடத்தில் உடம்பு குளிர்ந்து கால் திரும்பி வந்தது. ரேடியோவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாத்தீங்களா? நாலு கரண்டி சக்கரை. ஆள் எழுந்து உக்காந்துட்டாங்க!" மேலதிகாரிகூட அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கல்லூரிப் பெண் தன் நீலப் பையை வாங்கிக்கொண்டு போனாள்.

அன்று மாலைதான் 486. அதை எழுதிவிட்டுக் கணவர் பேனாவை மூடவில்லை.

"மறுபடியும் ஊட்டினாங்களா?"

"நாலு பேர் சேர்ந்து."

"வேணாம்னு சொல்ல வாய் இல்லையா உனக்கு?"

"சொன்னா நாற்காலி போயிடும்."

"ஆள் போயிட்டா நாற்காலியை வெச்சு என்ன பண்ணுவே?"

"சீட்டு எழுதிக் கட்டிடச் சொல்லுங்க. உரிமையாளர் வரவில்லைன்னு."

அவர் நோட்டைப் பட்டென்று மூடிவிட்டு எழுந்து போனார். பிறகு திரும்பி வந்து, மூத்தவளுக்குக் கூடுதலாக எவ்வளவு ஊசி போட வேண்டும் என்பதை டாக்டரின் அட்டையில் பார்த்து, அளந்து, போட்டுவிட்டார்.

ஜூலை 5 ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கு 131. ஊசி போட்டாயிற்று. முந்தின நாள் அலைச்சலில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ரொட்டியில் பாதியை, பிறகு சாப்பிடுகிறேன் என்று மூடி வைத்துவிட்டுப் படுத்தாள். ஒன்பது மணிக்கு அவர் எட்டிப் பார்த்தபோது துவண்டு கிடந்தாள். கூப்பிட்டதற்கு வந்த பதில் குழறியது. வெளியே நல்ல வெயில்.

இளையவள்தான் என்று அவர் முடிவு செய்தார். நரம்பு டாக்டர் சொல்லிக் கொடுத்தபடியே எல்லாம் செய்தார். திரையை இழுத்துவிட்டார். விசிறியை அவள் பக்கம் திருப்பினார். துண்டை நனைத்துப் பிழிந்து கழுத்தில் போட்டார். தொந்தரவு செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். தலையணை நனைந்திருந்தது, துண்டின் ஈரம் என்று நினைத்தார். மீட்டர் கைக்கெட்டும் அலமாரியில்தான் இருந்தது. ஆனால் ஏழு மணிக் கணக்கு எடுத்தாகிவிட்டது, அடுத்தது பகல் பன்னிரண்டுக்கு.

ஒன்பதே முக்காலுக்குக் கால்மாட்டில் போர்வையைச் சரி செய்யக் குனிந்தார். அவளுடைய கணுக்கால் ஈரமாக இருந்தது. துண்டு கழுத்தில் அல்லவா கிடக்கிறது, கணுக்காலில் ஈரம் எப்படி வந்தது என்று ஒரு நொடி நின்றார். பிறகு அலமாரிக்குப் பாய்ந்தார்.

34.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு, அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, விரலில் தேனைத் தொட்டு ஈறில் தடவினார். மறுபடி தொட்டுத் தடவினார். ஆம்புலன்ஸில் வந்தவர் அவள் கையில் குளுக்கோஸ் ஏற்றினார். பத்து இருபதுக்கு 97. கண்ணைத் திறந்தவள் முதலில் பார்த்தது தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த கணவரை. கை முழுக்கத் தேன். மடியில் திறந்து கிடந்த நோட்டில், மற்ற எண்களுக்கு நடுவில் 34 மட்டும் அழுத்தி எழுதியிருந்தது. காகிதம் பின்பக்கம் புடைத்திருந்தது.

"முப்பத்தொரு வருஷத்துல ஒரு மீட்டரைத் தப்பாப் படிச்சதில்ல நான்" என்றார்.

"இப்பவும் தப்பாப் படிக்கலைங்க."

"படிக்கவே இல்லையே. அம்பது நிமிஷம் பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாத்திருக்கேன்."

அவர் அழுது அவள் பார்த்தது அன்றுதான். வெகுநேரம் அவர் கையில் ஒட்டியிருந்த தேனைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "ஆபீஸ்ல எது வந்தாலும் மூத்தவ. வீட்ல எது வந்தாலும் இளையவ. நான்தான் அப்படிப் பழக்கி வெச்சிருக்கேன். இந்த முப்பத்தி நாலு ஆபீஸ்ல வந்திருந்தா சக்கரை குடுத்தே எழுப்பியிருப்பாங்க. அந்த நானூத்தி எண்பத்தாறு மாதிரி ஏறி ஒருநாள் ஆபீஸ்லயே போயிருப்பேன். எல்லாருக்கும் ரெண்டு பேரையும் தெரிஞ்சாத்தான் ஆகும்."

"நாற்காலி?"

அவள் துண்டைத் திருப்பி மடித்து, மறுபடி அவர் விரலைத் துடைத்தாள்.

ஜூலை 13 அன்று படிவம் வந்தது. ஒரு வரி இடத்தில் இரண்டையும் எழுதினாள். இரண்டாவதன் பெயர் நீளம். கோட்டைத் தாண்டி ஓரத்துக்குப் போயிற்று. கொடுப்பதற்கு முன் ரேடியோவைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப அந்த மூணு தடவையும் சக்கரை இறங்கலையா?"

"இல்ல தம்பி."

"ஏறிச்சா?"

"கடைசித் தடவை நானூத்தி எண்பத்தாறு."

அன்று முழுவதும் ரேடியோ பேசவில்லை. பயணச்சீட்டு வாங்க வந்தவர்கள், அவருக்கு உடம்பு சரியில்லையா என்று அவளிடம் கேட்டுவிட்டுப் போனார்கள். மாலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது நின்றார். "கையைத் தட்டி விட்டிருக்கலாமேக்கா. என் கையாலதானே குடுத்தேன். பெருமை வேற அடிச்சுக்கிட்டேன்."

"நீங்க குடுத்தது தப்பில்ல தம்பி. நான் குடிச்சதுதான் தப்பு."

மறுநாள் அவளுடைய மேசையின் உட்பக்கத்தில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. ரேடியோவின் பெரிய எழுத்து: 'முதலில் விரலில் குத்து. எழுபதுக்குக் கீழே என்றால் சர்க்கரை கொடு. இல்லை என்றால் கொடுக்காதே. படிக்கட்டுக்குத் தூக்கு. ஈரத்துணி.' நடத்துநர்கள் எல்லோரையும் கூட்டி வந்து படிக்க வைத்தார். ஆகஸ்ட் 19 மதியம் அவள் மறுபடி சரிந்தாள். குத்திப் பார்த்தார்கள்: 144. படிக்கட்டுக்குத் தூக்கினார்கள். யாரும் சர்க்கரையைத் தொடவில்லை. அன்று மாலை வீட்டில் 139. கணவர் அதை எழுதிவிட்டு, பக்கத்தில் சின்னதாக ஒரு சரி போட்டார். அந்த நோட்டில் அவர் போட்ட ஒரே சரி அது. அந்த ஒரு மாதம், நாற்காலி நிலைத்துவிடும் என்றுகூட இருவரும் நினைத்தார்கள்.

செப்டம்பர் 8 அன்று மருத்துவக் குழு அழைத்தது. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். கதவு வரை நடந்து திரும்பச் சொன்னார்கள்; சாம்பல் நிறக் கோலை ஊன்றி நடந்தாள். ஒரு சட்டையைக் கொடுத்துப் பொத்தான் போடச் சொன்னார்கள். பெயரை எழுதச் சொன்னார்கள். எழுத்து வரியை விட்டு இறங்கியது.

"சூடு ஆகாதுன்னா கீழ்த்தளத்துல எப்படிம்மா வேலை பாக்கறீங்க?" என்றார் நடுவில் இருந்தவர்.

"விசிறியைச் சரி பண்ணிக் குடுத்தா பாப்பேன் சார்."

அவர் ஏதோ எழுதினார். சுவரோரம் ஒரு கறுப்புக் குடை சாய்த்து வைத்திருந்தது. கேட்காமலே அவள் அதைக் கையில் எடுத்தாள். மரத்த விரல்களால் கைப்பிடியைத் தடவினாள், ஒன்றும் தெரியவில்லை. வலது கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். "இது இடது கைக்காரர் குடை. தேய்மானம் இந்தப் பக்கம். நுனி வளைஞ்சிருக்கு, காரு கதவுல சிக்கியிருக்கும்" என்றாள். ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் இடது கையில் பிடித்திருந்த பேனாவைக் கீழே வைத்தார். மூவரும் சிரித்தார்கள். "பிரமாதம்மா" என்றார் நடுவில் இருந்தவர். பிறகு, "நீங்க போகலாம்" என்றார்.

அக்டோபர் 1 அன்று வந்த கடிதம், முடிவு தெரியும் வரை பணிக்கு வர வேண்டாம் என்றது. அந்த வாரமே கீழ்த்தளத்து விசிறி ஓட ஆரம்பித்துவிட்டதாக ரேடியோ போனில் சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்கே பட்டிருக்கும், சட்டென்று பேச்சை மாற்றினார். தன் இடத்தில் வந்த பையன் எப்படி என்று அவள் கேட்டாள். "நல்ல பையன்தான்க்கா. எல்லாக் குடைக்கும் 'கறுப்பு'ன்னு எழுதறான்."

அவள் தினமும் எட்டு மணிக்கு உடுத்தித் தயாராகி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கணவர் ஏழு மணிக்கும் பன்னிரண்டுக்கும் மாலையிலும் குத்தினார். இப்போதெல்லாம் அவள் கொட்டாவி விட்டாலும் குத்தினார். அவளுடைய வலது கையும் ஆட ஆரம்பித்திருந்தது.

கடைசிக் கடிதத்தைத் தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். கணவர் உறையைப் பிரித்தார்; அவள்தான் படித்தாள். இரண்டு நோய்களின் பெயரும் பிழையில்லாமல் இருந்தன. பணியில் தொடர நிரந்தரமாகத் தகுதியற்றவர் என்று இருந்தது. மேசையில் உள்ள சொந்தப் பொருள்களை ஏழு நாளுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும், தவறினால் அவை தொலைந்த பொருள் அறையில் சேர்க்கப்படும் என்றும் இருந்தது.

அதைப் படித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நிற்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. நிற்கும்போது அது சிரிப்பாக இல்லை. கணவர் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு அவள் பேனா கேட்டாள். அவர் பச்சை நோட்டை அடியில் கொடுத்து, கடிதத்தின் இரு முனைகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் எழுதட்டுமா என்று கேட்கவில்லை. வலது மேல் மூலையில், இருபத்தாறு வருடமாகச் சீட்டில் எழுதும் அதே இடத்தில், அவள் எழுத ஆரம்பித்தாள். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. தடம் எண், பொருள், அடையாளம் எதையும் எழுதவில்லை. முதல் வரியை மட்டும் எழுதி முடித்தாள்.

பெறப்பட்ட நாள்: நவம்பர் 14.